இரண்டாவது திறப்பு

“கூட ஒரு ஆள் வேணும் சார்.”

கேட்டே விட்டேன். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அன்றைக்கே ஆபீஸ் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: “எது வேணா கேளு. இருட்டறைக்குத் துணை மட்டும் கேட்டுடாதே. கேட்டவ எவளும் பட்டம் வாங்கல.”

பேராசிரியர் டீயை ஆற்றிக்கொண்டே நிமிர்ந்தார்.

“பயமா?”

“பேச ஆள் இல்ல சார்.”

“ஆராய்ச்சிக்கு வந்தியா, அரட்டைக்கு வந்தியா? உங்க வீட்டுல நீதானே முதல்ல படிச்சவ? கிடைச்சதைக் கெட்டியா பிடிச்சுக்கம்மா.”

நான் உச்சுக் கொட்டினேன். கோபம் வந்தால் வார்த்தைக்கு முன்னால் எனக்கு அதுதான் வரும். “பல்லி மாதிரி என்னடி அது” என்று அம்மா குட்டாத நாள் இல்லை.

அவர் டீயைக் கீழே வைத்தார். “நீ தனியா இருக்கேன்னு யார் சொன்னா உனக்கு?”

கிண்டல் என்று நினைத்தபடி கீழே இறங்கினேன்.

வெளியே நல்ல வெயில். இருட்டறைக்குள் நீட்டிய கை தெரியாது. சூடான தூசியின் வாசனை. ஓயாமல் முனகும் பம்பு. மேசையின் இந்தப் பக்கம் என் நாற்காலி, எதிர்ப்பக்கம் இன்னொன்று. அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாள் முழுக்க நான் வாய்விட்டுப் பேசுவது கேன்டீனில் “ஒரு டீ” என்பது மட்டும்தான். போனில் அம்மா கேட்டால், “நிறைய பேர் இருக்காங்கம்மா.”

வேலை இதுதான். ஒரு தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் போட்டு ஒளியை விட்டால், இரண்டின் வழியாகவும் வரும் அலைகள் கலந்து கோடு கோடாக விழும். எங்கள் கீறல்கள் இடத்தில் இல்லை, நேரத்தில். லேசர் படும்போது ஒரு மெல்லிய படலம் நினைக்க முடியாத சிறு பொழுதுக்குக் கண்ணாடியாகி ஒளியைத் திருப்பும், மங்கும், மறுபடி திருப்பும். இரண்டு திறப்பு. அவை இரண்டும் கலந்து ஒளியின் நிறத்திலேயே கோடுகள் விழும். திறப்புகளுக்கு இடையே நேரம் கூடினால் கோடுகள் நெருங்கும். குறைந்தால் விலகும்.

சரிபார்ப்பதற்காக, சில வாரங்களாக இரண்டாவது திறப்பை உண்டாக்கும் லேசரை நான் கறுப்பு அட்டை வைத்து அடைத்திருந்தேன். ஒற்றைத் திறப்புக்குக் கோடு விழவே கூடாது.

விழுந்தது.

முதலில் மயிரிழையாக நெருங்கிக் கிடந்தவை நாளுக்கு நாள் விலகிக்கொண்டே வந்தன. முன்பு இருந்தவர்கள் யாரோ திறந்து வைத்த திறப்பு என்றால், அது நாளாக ஆக எங்களை விட்டுத் தள்ளித்தானே போக வேண்டும்? இது கிட்டே வந்தது. பின்னாலிருந்து அல்ல. இனி வரப்போகும் ஏதோ ஒரு நாளில், இதே மேசையில், இதே இருட்டில் யாரோ தனியாக உட்கார்ந்து லேசர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார்.

இன்றும் அழுத்தினேன். லேசரை மறைக்கும் மூடி திறந்தது. டிக்.

திரையில் ஒரு கோடு கூட இல்லை. வழவழப்பான ஒற்றை மேடு.

ஒன்று, அந்த ஆள் போய்விட்டார்.

இல்லை, எங்களுக்கு இடையே இருந்த நேரம் தீர்ந்துவிட்டது.

பம்பு நின்றது.

எதிர் நாற்காலி கிறீச்சிட்டது.

“யாரு?”

மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு, வறண்டு போன, பல்லில்லாத ஒரு வாய்:

ச்சு.

என் ச்சு.

தட்டுத் தடுமாறி விளக்கைப் போட்டேன். நாற்காலி காலி. கை வைத்துப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.

“கேட்டுச்சா?” வாசலில் பேராசிரியர். குரல் கிசுகிசுத்தது. “நீ பிறந்தியோ இல்லையோ, அப்பவே இந்தச் சத்தம் இங்க இருந்துச்சு. யாருதுன்னு தெரியாம ஆராய்ச்சிக்கு ஒவ்வொருத்தரா எடுத்துப் பார்த்தேன். இன்டர்வியூல நீ ஒரு தடவை உச்சுக் கொட்டினே பாரு, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.”

பேயைப் பற்றி நான் கேட்கவில்லை. “மார்க்கைப் பார்த்து எடுக்கலையா சார்?”

அவர் சிரிக்கக்கூட இல்லை. “உட்காரும்மா. இனிமே நீ எங்கயும் போக வேண்டாம். உன் வேலை முடியுற வரைக்கும் இங்கதான் இருந்திருக்கே. அந்தச் சத்தத்தை நானே காதால கேட்டேனே.”

வயசான பிறகும் இந்த இருட்டில், பேச ஆளில்லாமல், பொத்தானை அழுத்திக்கொண்டு. அதைப் பட்டம் என்கிறார்கள்.

இருட்டறைச் சாவியை அந்தச் சூடான நாற்காலியில் வைத்தேன்.

“பைத்தியமா உனக்கு? உங்கம்மாகிட்ட என்ன சொல்லுவே?”

“உண்மையைச் சொல்லுவேன். கூட யாரும் இல்லன்னு.”

அவரைத் தள்ளிக்கொண்டு படியேறினேன். கீழே மூடி திறந்து மூடியது. டிக். நான் திரும்பவில்லை. வெளிக்கதவைத் தாண்டி வெயிலில் இறங்கி, நடந்துகொண்டே அம்மாவைக் கூப்பிட்டேன்.

“அம்மா, நான் வீட்டுக்கு வரேன். படிப்பு போதும்.”

அம்மா சொன்னாள், “சரி, வா. அதுக்கு ஏன்டி உச்சுக் கொட்டுறே?”

நான் உதட்டை இறுக்கி மூடியிருந்தேன்.

நடையை நிறுத்தவில்லை.