டெல்ஃபினின் கோப்பு

கோப்பைக் காணோம் என்று கணினி மூன்றாம் தடவையாகச் சொன்னது. கோப்போ ஜோவிலினின் கண்ணெதிரே இருந்தது.

நிரலை மறுபடி ஓட்டினாள். செபு நகரத்தின் பிற்பகல் மழை ஜன்னலை அறைந்தது. ஏசி ஈரத்துணி நாற்றத்தைக் கக்கியது. ஆளில்லாத சனிக்கிழமை அலுவலகத்தின் மறுகோடியில் ஒரு குழல்விளக்கு விட்டு விட்டுத் துடித்தது. நிரல் ஓடினால்தான் காய்ச்சலோடு தனியாகக் கிடக்கும் தங்கை ரிசாவிடம் போகலாம். அதை எழுதிய சக ஊழியன் டெல்ஃபின் செத்து நான்கு நாள். அவன் விட்டுப்போன குப்பையை யார் அள்ளுவது? புதிதாக வந்தவள்தான். வேறு யார்.

காவலாளி தேபான் காபி கொண்டுவந்தார். அவளுக்கு அவர் மனோங், அண்ணன்; அவருக்கு அவள் இண்டாய், சின்னப்பொண்ணு.

"சாவு வீட்டுலேருந்து வர்ற வழியில எங்கயாவது நின்னியா, இண்டாய்? ஒரு ரொட்டிக்கடை, எதாச்சும்?"

"இல்ல மனோங். நேரா வீட்டுக்குப் போயி, தங்கச்சிக்கு மாத்திர குடுத்துட்டு வந்தேன்."

"நேரா வீட்டுக்கா? செத்தவன் பின்னாலயே வருவானே! படிச்ச பொண்ணுக்கு இதுகூடவா தெரியாது?"

"டெல்ஃபினா? உசுரோட இருந்தப்பவே எங்கயும் நேரத்துக்கு வந்ததில்ல."

அவர் சிரிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு கீழே போனார்.

பிழை அகப்பட்டது. முந்தாநாள் வீட்டிலிருந்து வேலை செய்தபோது, கோப்பைத் தேடும் இடமாகத் தன் வீட்டுக் கணினியை எழுதியவள் அவளேதான். மாற்ற மறந்திருக்கிறாள். நிரல் அங்கே போய்த் தேடுகிறது. அங்கே அந்தக் கோப்பு கிடையாது. தன்னையே திட்டிக்கொண்டு அந்த வரியைத் திருத்தக் கை வைத்தாள்.

அதற்குள் நிரல் தானாக ஓடியது.

பிழை இல்லை. கோப்பு கிடைத்துவிட்டது. வீட்டுக் கணினியில். உருவான நேரம், இந்த நிமிடம்.

திறந்தாள். எழுத்து எழுத்தாக வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு தப்பு. அழிப்பு. மறுபடி.

ரிசாவை அழைத்தாள்.

"என் கம்ப்யூட்டர்ல கை வச்சியாடி?"

"நான் கட்டில்ல இருக்கேன்க்கா." கிசுகிசுப்பு. "உன்னோட வந்த ஃப்ரெண்டுதான் உக்காந்து அடிச்சிட்டிருக்காரு. கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறாரு."

"வெளிய வா. இப்பவே."

"கதவ மறிச்சு உக்காந்திருக்காருக்கா."

தொடர்பு அறுந்தது. ஒரு படம் வந்தது.

அவளுடைய நாற்காலி. டெல்ஃபினின் சவப்பெட்டியில் பார்த்த அதே வெள்ளைப் பூவேலைச் சட்டை. பிணத்துக்கு மாட்டச் சுலபமாகக் கழுத்திலிருந்து இடுப்புவரை கத்தரித்து, ஊக்குக் குத்திய முதுகு. விரல்கள் இன்னும் விசைகளின் மேல்.

தலை மட்டும் படமெடுத்தவளைப் பார்த்து முழுசாகத் திரும்பியிருந்தது.