நான்காவது கிளை

தம்பியின் இரண்டு கைகளும் ஒன்றாகத் துடிக்கவில்லை.

அக்காள் இதைத் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. சனிக்கிழமை மதியம் ஸ்கேன் மையத்தில் வேலை முடிந்து வந்தவள், சோபாவில் சுருண்டு கிடந்தவனை உட்கார வைக்க இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்தாள். இருபது வருடம் நோயாளிகளின் கையைப் பிடித்த பழக்கத்தில் விரல்கள் தாமாகவே நாடியில் போய் உட்கார்ந்தன. இடது கை ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. வலது கை அதைவிட மெதுவாக, அதைவிட அழுத்தமாக, தன் பாட்டுக்கு வேறொரு கணக்கில் அடித்தது.

"என்னக்கா, கையப் பிடிச்சிட்டு சிலையாட்டம் நிக்கிற?"

"ஒண்ணுமில்ல. பாலாவது குடிச்சியா?"

"ரெண்டு வாய். அதுக்கு மேல இறங்கல. தொண்டைக்குள்ள டோல்கேட் போட்டு எவனோ உட்கார்ந்திருக்கான்."

எதையும் கிண்டலாகத்தான் சொல்வான். அம்மா போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது இந்தக் கிண்டல் ஒன்றுதான். ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்காமல் அவன் பாதியாகிவிட்டான். அதனால்தான் அன்று காலை தன் மையத்துக்கே கூட்டிப்போய், தன் கையாலேயே மெஷினில் படுக்க வைத்துப் படம் எடுத்தாள். படத்தைப் பார்த்த டாக்டர் போனில் சாவகாசமாகப் பேசினார்.

"இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய்ல மூணு கிளை இருக்கணும். உங்க தம்பிக்கு நாலு. வலது கைக்குப் போறது கடைசியா, தனியாக் கிளம்பி, உணவுக்குழாய்க்குப் பின்னாடி சுத்திட்டுப் போகுது. அதான் அழுத்துது. நூத்துல ஒருத்தருக்கு இப்படி இருக்கும், பயப்பட ஒண்ணுமில்ல. திங்கக்கிழமை சர்ஜனைக் காட்டுங்க."

இது அவளுக்கே தெரியும். முன்வாசல் வழியாகப் போக வேண்டியவர் பின்வாசல் வழியாகப் போவது மாதிரிதான். இப்படிப்பட்ட படங்கள் எத்தனையோ எடுத்திருக்கிறாள். உறுத்தியது வேறு விஷயம். ஊசியில் ஏற்றும் சாய மருந்து இதயத்துக்குப் போய், அங்கிருந்து எல்லாக் கிளைகளிலும் பாய்ந்து, படத்தில் வெள்ளையாகத் தெரியும். மூன்று கிளைகள் வெள்ளையாக இருந்தன. நான்காவது சாம்பலாகவே கிடந்தது.

"அடைப்பா இருக்கும்," என்றார் டாக்டர். அவளும் நம்பினாள். ஆனால் அடைப்பு இருக்கிற கை சில்லிட்டுப் போயிருக்க வேண்டும், நாடி கிடைப்பதே பெரும்பாடாக இருக்க வேண்டும். இந்தக் கை கதகதவென்று இருந்தது. இவ்வளவு பலமாக அடிக்கும் ரத்தம் அவனுடைய இதயத்திலிருந்து வரவில்லை என்றால் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அவள் மேற்கொண்டு யோசிக்க விரும்பவில்லை.

"எழுந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"திங்கக்கிழமைன்னுதானக்கா சொன்னாரு? தூக்கம் தூக்கமா வருது. அரை மணி நேரம் விடு." சொல்லி முடிப்பதற்குள் சரிந்து படுத்துவிட்டான்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். மழையில் ரோடெல்லாம் தண்ணீர், இருபது நிமிடமாவது ஆகும் என்றார்கள்.

சோபாவை ஒட்டித் தரையில் உட்கார்ந்து மறுபடியும் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். மழை வெளிச்சத்தில் அறை மங்கிக் கிடந்தது, கொடியில் காயாத துணிகளின் முடை நாற்றம் மூக்கில் ஏறியது, தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிட்டது, மாடிவீட்டு வாஷிங்மெஷின் தொம் தொம்மென்று சுற்றுவது சுவர் வழியாக முதுகில் இறங்கியது, அத்தனை சத்தத்துக்கும் நடுவே தன் விரல் நுனிகளை மட்டும் கவனிக்க அவள் பாடுபட்டாள். மாடியில் மெஷின் நின்றது.

தூக்கத்தில் அவன் எச்சில் விழுங்கினான். வலது கை நாடி நின்றது. எச்சில் இறங்கும்வரை காத்திருந்தது. பிறகு மறுபடி அடித்தது.

விரல் நழுவியிருக்கும் என்று நினைத்தாள். இன்னொரு முறை விழுங்கினான். மறுபடி நின்றது. மறுபடி தொடங்கியது.

"டேய்," என்றாள், மெல்ல.

இடது கை அடித்துக்கொண்டே இருந்தது. வலது கை சட்டென்று அடங்கியது. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர்கள் காலடிச் சத்தம் கேட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார்களே, அப்படி. அவள் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, ஒன்று. இன்னொன்று.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். இடது அறுபது. வலது ஐம்பது. அடுத்த நிமிடம் இடது ஐம்பது. வலது அறுபது. அதற்கடுத்த நிமிடம் இடது முப்பதுகூட இல்லை.

"எழுந்திரிடா. என்னப் பாரு."

கண்ணைத் திறந்தான். அந்தக் கண்ணில் கிண்டல் எதுவும் இல்லை.

"அக்கா... அந்த வலது கைய விட்டுடு."

இடது கை நின்றது.

கழுத்தில் தொட்டுப் பார்த்தாள். இல்லை. நெஞ்சில் காதை வைத்தாள். இல்லை. அவனைத் தரைக்கு இழுத்துப் போட்டாள். நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. எப்படியாவது வந்துடுடா. பத்து. பதினொன்று. கீழே தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. இருபது.

தரையில் கிடந்த வலது கை அசைந்தது.

உயிர் வந்துவிட்டது என்று அழுகையும் சிரிப்புமாக அவன் முகத்தைப் பார்த்தாள். கண்கள் பாதி திறந்தபடி நிலைகுத்தி நின்றன. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இல்லை.

கை மட்டும் எழுந்தது. அவள் முழங்கையைத் தொட்டது. அங்கிருந்து மெதுவாகக் கீழே தடவி வந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பியது. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைத் தேடி, இரண்டு விரல்களை அழுத்தி வைத்து, அசையாமல் எண்ணத் தொடங்கியது.