ஷூஜியின் மணப்பெண்

அம்மாவும் நானும் மலையடிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோடையிலும் வருவதுதான். கல்யாணமாகாமல் இறந்துபோன பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் பொம்மையைக் கட்டிவைப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிமோனோ உடுத்திய மணப்பெண் பொம்மை, பக்கத்தில் பிள்ளையின் புகைப்படம். என் தம்பி ஷூஜி படகோடு கடலில் போனவன். அவன் பெட்டி மண்டபத்தின் கோடியில் இருந்தது.

ஈர மரமும் ஊதுபத்தியும் கலந்த வாடை. அம்மா பெட்டியைத் துடைத்தாள். கண்ணாடியில் படிந்திருந்த ஆவி போகவில்லை.

அது உட்பக்கம் படிந்திருந்தது. பொம்மையின் வாய்க்கு நேராக.

நான் அறிவியல் ஆசிரியை. உயிருள்ளது சுவாசிக்கும், உண்ணும், வளரும், தொட்டால் உணரும், தன் இனத்தைப் பெருக்கும் என்று வருடா வருடம் தொண்டை வற்றக் கத்துகிறவள். ஈரக் காற்று என்று சொல்லிக்கொண்டேன். உள்ளே வைத்த அரிசி அப்பத்தில் ஒரு சின்னக் கடி தெரிந்தது. எலியாக இருக்கும் என்று நினைத்தேன். போன வருடம் விரல் நுனிவரை மூடியிருந்த கிமோனோக் கை, மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது.

பொம்மையின் கை வளருமா?

"அம்மா, இவளுக்கு என்ன பேரு வச்ச?"

உயிரோடிருக்கும் பெண்ணின் பெயரைப் பொம்மைக்கு வைக்கவே கூடாது, வைத்தால் இறந்த பிள்ளை அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று பொம்மையை வைத்த அன்றே கோயில் பிக்கு எச்சரித்திருந்தார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "சாயோகோ... அவளத்தானடி அவன் ஆசப்பட்டான்."

சாயோகோ வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, இதே ஊரில் வாயும் வயிறுமாக இருந்தாள். உடனே கைபேசியில் அழைத்தேன்.

"என்னன்னே தெரியலக்கா. பசியே இல்ல, மூச்சு முட்டுது. காலைல கத்தி கையக் கிழிச்சிடுச்சு, வலிக்கவே இல்ல. குழந்தையும் உதைக்க மாட்டேங்குது."

பெட்டியைத் திறந்து பொம்மையின் கையைத் தொட்டேன்.

சூடு.

அந்தக் கை மெல்லப் பின்வாங்கியது.

"அம்மா, பேர மாத்து! இப்பவே!"

"அவன் மறுபடி தனியாயிடுவானேடி..."

"அந்தப் பொண்ணு செத்துடுவாம்மா!"

அம்மா அழுதுகொண்டே பொம்மையின் காதருகே குனிந்து, "இனிமே நீ மினாகோ" என்று எங்களுக்குத் தெரிந்த யாருக்கும் இல்லாத பெயரைச் சொன்னாள். கைபேசியில் சாயோகோ வீறிட்டாள். "ஐயோ, கை எரியுதுக்கா!" அந்த அலறலைக் கேட்டு நான் சந்தோஷத்தில் அழுதேன்.

இலையுதிர் காலத்தில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஹிரோத்தோ என்று பெயர். அம்மா அடிக்கடி போய் அவனை மடியில் போட்டுக் கொஞ்சிவிட்டு வருவாள்.

இந்தக் கோடையில் மறுபடி கோயிலுக்கு வந்தோம். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கிமோனோக் கை விரல்களை மூடியிருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அம்மா பையிலிருந்து கம்பளியில் பின்னிய குட்டிக் காலுறைகளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"யாருக்கும்மா?"

"என் பேரனுக்கு."

அப்போதுதான் பார்த்தேன். கிமோனோவின் மடிப்புக்குள், விரல் நீளத்தில் இன்னொரு பொம்மை.

"இத எதுக்கு வாங்கி வச்ச?"

"நான் வைக்கலடி. போன தடவ தனியா வந்தப்பவே இருந்துச்சு. பேரு மட்டும்தான் வச்சேன்."

"என்ன பேரு? அம்மா, மாத்தும்மா!"

அவள் பெட்டியின் கதவை மெதுவாகச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"ஒரு தடவ மாத்திட்டேன்ல?"

கைபேசி அடித்தது. சாயோகோ.

"அக்கா, ஹிரோத்தோ காலைலேர்ந்து பால் குடிக்க மாட்டேங்குறான்..."

அம்மாவின் முழங்கைக்குக் கீழே, கண்ணாடியின் உட்பக்கத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஆவி படியத் தொடங்கியது.