காய்ந்த சாலை

"உங்கள் பிடிமானி பழுது. வேகம் அறுபதுக்கு உயர்த்தப்படுகிறது" என்றது வேன்.

தெய்வானைக்கு ரத்தம் கொதித்தது. வால்பாறை மலைப்பாதையில் மழை கொட்டுகிறது, பின்னால் ஒன்பது தேயிலைத் தோட்டப் பெண்கள் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அறுபதாம்!

ஒவ்வொரு வண்டியின் அடியிலும் இருக்கும் பிடிமானி, சாலையின் ஈரத்தை அளந்து சாலைமூளைக்குச் சொல்லும். சாலைமூளை எல்லா வண்டிகளையும் கேட்டு, பெரும்பான்மைப்படி வேகத்தைத் தீர்மானிக்கும். ஆக்சிலரேட்டர் அதன் கையில். ஸ்டியரிங் மட்டும்தான் ஓட்டுநருக்கு. முதல் இரண்டு மழைக்காலங்களில் இந்தப் பாதையில் ஓர் ஆள்கூடச் சாகவில்லை.

நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கார் வாங்கி மூன்று வருஷமானாலும் சீட்டின் பாலித்தீன் உறையைக் கழற்றாதவர்கள், நனைந்தால் கெட்டுப்போகுமே என்று பிடிமானிக்கும் ஓர் உறை மாட்டினார்கள். உறைக்குள் ஈரம் தெரியவில்லை. அடைமழையிலும் வண்டி பறந்தது. விஷயம் பரவியதும் எல்லோரும் தெரிந்தே மாட்ட ஆரம்பித்தார்கள். வெட்கங்கெட்டு மெக்கானிக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்றார்கள். தெய்வானை மட்டும் மாட்டவில்லை. எல்லா வண்டியும் காய்ந்த சாலை என்கும்போது ஈரம் என்று சொன்ன அவள் பிடிமானிதான் பழுதாகிப்போனது.

அவள் வண்டியை ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தாள். பின்னால் வந்த காரிலிருந்து ஒருவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்.

"ஏம்மா, இப்படி வழியில நிறுத்துனா எப்படி? ரோடு காஞ்சிருக்குன்னு மெஷினே சொல்லுதில்ல?"

"அப்புறம் எதுக்குங்க குடை புடிச்சுட்டு நிக்கறீங்க?"

"பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்று திட்டிக்கொண்டே போனார். கார் வேனைத் தாண்டிச் சீறியது. அடுத்த வளைவிலேயே வழுக்கிப் பாறையில் மோதியது.

தெய்வானையும் பெண்களும் ஓடினார்கள். நசுங்கிய முன்பக்கத்தில் அவர் கால் சிக்கி, ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் இழுத்தும் கதவு அசையவில்லை. செல்போனில் சிக்னலும் இல்லை. காருக்குள் சாலைமூளை நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது.

"காய்ந்த சாலையில் வண்டி வழுக்காது. உங்கள் விபத்துச் செய்தி பொய்யாகக் கருதப்படுகிறது. மீட்பு வண்டி வர, இன்னொரு வண்டி உறுதிப்படுத்த வேண்டும்."

"நீங்களாச்சும் சொல்லுங்கம்மா, ரோடு ஈரமா இருக்குன்னு" என்று அழுதார் அவர்.

தெய்வானை வேனுக்கு ஓடிச் சாவியைத் திருப்பினாள். சொன்னாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவள் முந்தானையிலிருந்து தண்ணீர் சீட்டெல்லாம் சொட்டியது.

"பழுதான பிடிமானியுள்ள வண்டியின் சாட்சி செல்லாது" என்றது வேன். "தயவுசெய்து அறுபதில் பயணத்தைத் தொடருங்கள்."