இடக்கை மருந்து

சங்கு குளிக்கக் கடலில் முங்கிய கஸ்பாரை நினைவிழந்த நிலையில் தோணியில் தூக்கிப் போட்டார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தத்தில் மெத்தம்பெட்டமின் இருந்தது. தூங்கவிடாமல் முழிக்க வைக்கும் போதை மாத்திரையில் இருக்கும் சரக்கு. குற்றம் உறுதியானால் சங்கு குளிக்கும் அனுமதி ஆயுளுக்கும் ரத்து.

பிப்ரவரி 1975. திரேஸ்புரம். காலை 10.20.

இன்ஸ்பெக்டர் பொன்னுதுரையோடு கஸ்பார் வீட்டுக்கு வந்தவள் கிருபை. நாசரேத்துக்காரி, தடய ஆய்வக வேதியியலாளர். அந்த இரத்தத்தை இரண்டாம் முறை சோதித்தவள். அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கஸ்பாரையே கவனித்துக்கொண்டு நின்றாள்.

“மாத்திரை யார்கிட்டலே வாங்கின?” என்றார் பொன்னுதுரை.

“மாதா சத்தியமா மாத்திரை முழுங்கல சார்.”

“பெறவு ரத்தத்துல எப்படி வந்துது? கடத்தண்ணியிலயா?”

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் முதுகுக்குப் பின்னால் அடுப்பில் கருவாடு தீய்ந்தது. பொன்னுதுரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். கஸ்பாரின் மனைவி ரோஸ் கொல்லையிலிருந்து ஓடிவந்து சட்டியை இறக்கினாள்.

“பக்கத்துலதான இருக்கீரு? ஒரு சத்தம் குடுக்கப்படாதா?”

“எதுக்கு?” என்றான் கஸ்பார்.

கிருபை சிரித்துவிட்டாள். “அண்ணாச்சி, மூக்கடைப்பு எத்தன நாளா?”

கஸ்பார் மூக்கைத் துடைத்துக்கொண்டான். கிருபை பொன்னுதுரையிடம் திரும்பினாள்.

“சார், ரத்தத்துல இருந்த இந்த மருந்துக்கு ரெண்டு உருவம். வலக்கை, இடக்கை மாதிரி. ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பம். சாதாரணமாச் சோதிச்சா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். இதே மாதிரி ஒரு கை மட்டுமுள்ள வேற பொருள் ஒண்ணச் சேத்தா ரெண்டும் தனித்தனியாப் பிரிஞ்சிரும். பிரிச்சுப் பாத்தேன். முழிக்க வைக்கது வலக்கைதான். மாத்திரைன்னா அது இருந்தே ஆகணும். இவரு ரத்தத்துல இடக்கை மட்டுந்தான் இருக்கு.”

“அதனால?”

“தனி இடக்கை இருக்கது, சளிக்கு மூக்குல வச்சு உறிஞ்சுற வெளிநாட்டு மருந்துக் குழல்ல. உறிஞ்சினா அடைப்பு விடும். சளி புடிச்ச ஆளத் தோணி முதலாளி சம்மாட்டி கடலுக்கு ஏத்திட்டுப் போக மாட்டாரு. அதான் மறைச்சு மறைச்சு உறிஞ்சிருக்காரு. தண்ணிக்குள்ள மறுபடி அடைச்சிருக்கு, காதுல அழுத்தம் ஏறித் தலை சுத்திருக்கு. கருவாடு தீயுற நாத்தம் கூட இன்னும் தெரியல பாருங்க.”

“குழல யாருலே குடுத்தா?”

“நானே வாங்குனேன் சார்.” கஸ்பார் அவசரப்பட்டான்.

“பொய்யி!” ரோஸ் முன்னால் வந்தாள். “கப்பல்ல போற எங்க அண்ணன் கொண்டாந்தது. நாந்தான் இவரு மடியில சொருகிவிட்டேன். காது வெடிச்சிரப்படாதுன்னு.”

“குற்றவாளி கெடச்சாச்சு சார்,” என்றாள் கிருபை.

பொன்னுதுரை தொப்பியை எடுத்துக்கொண்டார். “மாத்திரை இல்லன்னு எழுதிருதேன். அனுமதிக்கு ஒண்ணும் ஆகாது. மூக்கு தெளியுற வரைக்கும் கடல் பக்கம் போகப்படாது, கேட்டியா?”

“வீட்டுல இருந்து என்ன சார் செய்ய?”

“சும்மா கெடயும்,” என்றாள் ரோஸ். “நீரு முங்குத நேரமெல்லாம் நானும் இங்கன மூச்சப் புடிச்சுக்கிட்டுத்தான் கெடக்கேன். ரெண்டு பேரும் கொஞ்ச நாள் மூச்சு விடுவோம்.”