பதினொரு வருட இடைவெளி

“நாலு நாளா மத்தியானம் ஆனா கிளம்பிடறா! எங்க போறன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா!”

குக்கர் மூன்றாவது முறை கூவுவதற்குள் மாமியார் ஐந்தாவது முறை கூவிவிட்டார். அடுப்படியில் நின்ற மருமகள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பதினொரு மணிக்கு நேர்காணல். உதடு மட்டும் அசைய, பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வங்கிக்குப் போகும் வழியில் அம்மாவை எட்டிப் பார்க்க வந்த நாத்தனார், வந்த வேகத்தில் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.

“எங்க பேங்க்குக்கு எதிர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்குல்லம்மா, அந்த ஹால்லதான் அண்ணி உக்காந்திருக்காங்க. நேத்தும் பார்த்தேன், முந்தாநேத்தும் பார்த்தேன். கையில ஒரு நோட்டு வேற… யாருக்காவது காத்திருக்காங்களோ என்னவோ…!”

அந்த ‘யாருக்காவது’வை அவள் இழுத்த இழுப்பில் கரண்டி ணங்கென்று மேடையில் விழுந்தது.

“வேலைக்குக் காத்திருக்கேன். இன்னைக்கு அங்க எனக்கு இன்டர்வியூ. பதிவு கவுன்ட்டருக்கு சூப்பர்வைசர் வேணுமாம். போற இடத்தைப் பத்தித் தெரிஞ்சுக்காம எப்படிப் போறது?”

மாமியார் சிரித்தார். “இருந்த வேலையிலயே லாயக்கில்லன்னு துரத்திட்டாங்க. இப்ப உனக்கு சூப்பர்வைசர் நாற்காலியா?”

அவளை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்பது அந்த வீட்டில் பதினொரு வருடமாகப் புழங்கும் சங்கதி. உப்பு குறைந்தாலும் அது வரும், பால் பொங்கினாலும் அது வரும். முதன்முதலில் அதைச் சொன்னவளே அவள்தான்.

“அப்படி என்னதான் எழுதியிருக்கீங்க?” நாத்தனார் மேசையில் இருந்த நோட்டை எடுத்துப் பிரித்தாள்.

‘மூன்றாம் ஜன்னல். அடையாள அட்டை நகல் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் திங்கள் 41, செவ்வாய் 38. நகல் வேண்டும் என்ற அறிவிப்பு கதவில் ஒட்டியிருக்கிறது. கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடப்பதால் அறிவிப்பு சுவர்ப்பக்கம் மறைந்துவிடுகிறது. தூணுக்கு மாற்ற வேண்டும்.’

நாத்தனாரின் புருவம் ஏறியது. அடுத்த பக்கத்தில், கேட்கக்கூடிய கேள்விகள். ‘பதினொரு வருடம் ஏன் வேலைக்குப் போகவில்லை?’ அதன் கீழே ‘உடம்பு சரியில்லை’ என்று எழுதி அடித்திருந்தது. ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதி அதையும் அடித்திருந்தது. பிறகு வெறும் தாள். பக்கங்களுக்கு நடுவிலிருந்து பழைய அலுவலகத்தின் அனுபவச் சான்றிதழ் நழுவி விழுந்தது.

“தானாக முன்வந்து பணி விலகினார். பதவி உயர்வு தர முன்வந்தும் ஏற்கவில்லை…” வாய்விட்டுப் படித்தவள் தேதியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பதினொரு வருடத்துக்கு முன் அம்மா குளியலறையில் விழுந்து, உடம்பில் ஒரு பக்கம் செயலிழந்த அதே வாரம்.

“அண்ணி…! நான் கடைசி வருஷப் படிப்பை விட்டுட்டு அம்மாவைப் பார்த்துக்கறேன்னு, ஹாஸ்டலுக்குக் கட்டின பெட்டியைப் பிரிச்சேன். நீங்க வந்து, ‘என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க, இனிமே வீட்லதான் இருப்பேன், நீ கிளம்பு’ன்னு சொன்னீங்களே…!”

“நானா விட்டேன்னு சொல்லியிருந்தா நீ போயிருப்பியா?”

மாமியாரின் முகம் வெளிறிப்போனது. “எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா…?”

“நீங்க சொல்லிக்காட்டும்போதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வரும் அத்தை. சொன்னா, செஞ்சதுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிடும்னு முழுங்கிட்டேன். இனிமே முழுங்க முடியாது. எனக்கும் வயசாச்சு, ஜீரணமாகல!” ஹாலின் மூலையைப் பார்த்தாள். “இவருக்கு எல்லாம் தெரியும்.”

மூலையில் விரிந்திருந்த செய்தித்தாள் மெல்லக் கீழிறங்கி, பின்னால் ஒரு கணவர் இருப்பது தெரிந்தது.

“நீதானே யார்கிட்டயும் சொல்லாதேன்ன…”

“சொன்னேன். அதுக்காகப் பதினொரு வருஷமுமா என் பேச்சைக் கேப்பீங்க? வேற எதுலயாவது கேட்டிருக்கீங்களா?”

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். மாமியார் இடது கையை நீட்டி மகளிடமிருந்து நோட்டை வாங்கி, எட்டத்தில் பிடித்து எழுத்துக் கூட்டினார். கண்ணீரில் எழுத்து தெரிந்ததோ என்னவோ.

“ஏம்மா… பதினொரு வருஷம் ஏன் வேலைக்குப் போகல?”

மருமகள் நிமிர்ந்து நின்றாள். நான்கு நாளாகக் கிடைக்காத பதில் தானாக வந்தது.

“வேலையிலதான் இருந்தேன். எழுந்திரிக்க முடியாதவங்களை நடக்க வெச்சேன். ஒரு வேளை மருந்து தவறினதில்ல. பதினொரு வருஷமா ஆஸ்பத்திரி பெஞ்சுல காத்திருந்தவ நான். ஜன்னலுக்கு உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். இந்த வேலையில எனக்குக் கிடைக்காதது லீவு மட்டும்தான்.”

“இதையே சொல்லு… ஒரு எழுத்து மாத்தாதே!” மாமியார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். “நான் பேசினதையெல்லாம் மனசுல வெச்சுக்காதேம்மா…”

அவளுக்கும் அழுகை முட்டியது. ஆனாலும் மெல்லத் தன்னை விடுவித்துக்கொண்டாள்.

“வெச்சிருக்கேன் அத்தை. சாயங்காலம் வந்து பேசறேன், நிறைய இருக்கு. இப்ப நேரமாச்சு.”

கணவர் வண்டிச் சாவியைத் தேடினார். “நான் கொண்டு விடறேன்…”

“வேண்டாம். அத்தைக்கு மதிய மருந்து இருக்கு. எந்தப் பெட்டின்னு தேடிக் கண்டுபிடிங்க.”

சான்றிதழை நோட்டுக்குள் வைத்து அவள் வாசலுக்கு வந்தபோது, உள்ளே நாத்தனார் மூக்கை உறிஞ்சியபடி போனில் பேசுவது கேட்டது.

“சார், இன்னைக்கு லீவு வேணும். அம்மாவைப் பார்த்துக்கணும்… இல்ல சார், உடம்புக்கு ஒண்ணுமில்ல. இது என் முறை, அவ்வளவுதான்.”

அவள் கதவைச் சாத்தவில்லை. திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.