பதினோராவது கறுப்புச் சீட்டு

கொட்டகை மூலையில் மூடியிருந்த நீலத் தார்ப்பாய் மெல்ல ஏறி இறங்கியது. நடு மத்தியானம், வெளியே ஓர் இலைகூட ஆடவில்லை.

தூ லேர் பார்த்தும் பார்க்காதவன்போலக் காயத்துக்குத் தையல் போடுவதைத் தொடர்ந்தான். காலையில் சந்தையில் குண்டு விழுந்ததிலிருந்து, சால்வீன் ஆற்றங்கரையின் இந்த மூங்கில் மருத்துவமனையில் அவன்தான் ராஜா. எல்லை தாண்டிப் போய் ஆறு மாதம் படித்து வந்த மிதப்பு, யாரைக் கண்டாலும் இளக்காரம். வருகிறவர்களின் மணிக்கட்டில் சீட்டுக் கட்டுவது அவன் வேலை. சிவப்பென்றால் உடனே சிகிச்சை, மஞ்சளென்றால் காத்திருக்கலாம், கறுப்பென்றால் பிணம், தார்ப்பாய்க்கு அடியில். இன்று பதினொரு கறுப்பு. கட்டியவனைத் தவிர யாரும் சீட்டை மாற்றக் கூடாது என்பது அங்கே சட்டம்.

"தரா," என்று, வைத்தியரை அழைக்கும் மரியாதைச் சொல்லால் கூப்பிட்டாள் தாதி ப்ளே மூ. "படகுக்காரர் வா தோவுக்கு மூச்சு இருக்கு. ஒரு தடவை வந்து பாருங்க, சிவப்புக் கட்டிடலாம்."

"போன மாசம் வரைக்கும் மலையில நெல்லு விதைச்சவ நீ. எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"நாடிகூட ஓடுது, தரா."

"அது உன் விரல்ல ஓடுற நாடி. போய்த் தண்ணியக் கொதிக்க வை."

அவள் போய்விட்டாள். அவள் சொன்னது பொய்யில்லை என்று அந்த அற்பனுக்குத் தெரியும். அவசரத்தில் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கட்டிய சீட்டு அது. எழுந்து நாலு எட்டு வைத்தால் ஓர் உயிர் மிஞ்சும். ஆனால் அத்தனை பேர் முன்னால் தன் முடிச்சைத் தானே அவிழ்ப்பதா?

பினாயிலும் இரத்தமும் ஈர மூங்கிலும் கலந்த வாடைக்கு நடுவே அந்த மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது, இழுத்து, கொஞ்சம் தயங்கி, விட்டு, மறுபடியும் இழுத்து, அவன் ஊசியைக் குத்தும் ஒவ்வொரு முறையும் அவன் காதுக்கு அருகிலேயே. யாரோ முனகுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டான். முனகல்கள் ஓய்ந்தன. மூச்சு ஓயவில்லை. பலத்தது. ஒருவருடைய மூச்சாக இல்லை.

ஒரு மணி நேரம் வீம்பாக உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்தான். நாலு எட்டு. தார்ப்பாயின் விளிம்பு. தூக்கினான்.

பத்துப் பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே விறைத்துப்போனவர்கள். பாதித் தலை இல்லாதவனும்கூட. ஒரே சீராக. கண் திறந்து. அவனையே பார்த்தபடி.

நடுவில் வா தோ. அவர் உடம்பில் மட்டும் இன்னும் சூடு இருந்தது. அவர் மட்டும் மூச்சு விடவில்லை.